தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

"டாக்டர், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே!" மீன் வளர்ப்பவர் ஒருவர் என் காதில் இதைப் போடுவது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. 20 லிட்டர் தொட்டி, 11 மீன்கள். ஒன்றின் வால் கந்தலாகியிருந்தது. இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சண்டை போடுகிற மீனை மட்டும் பிரித்துவிட்டால் போதுமா என்றார் அவர். நான் மீனைத் தொடவில்லை. தொட்டித் தண்ணீரில் அமோனியா சோதனைச் சொட்டுகளை விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையானது.

மீன் வெளியேற்றும் கழிவு விஷமான அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவிலும் நம் மூக்குக்கு எட்டாது. உப்பைக் கரைத்த தண்ணீரும் தெளிவாகத்தானே இருக்கிறது? கலங்கல் தெரிந்தால் மண்ணோ பாசியோ இருக்கும்; விஷம் கலங்கலாகத் தெரியாது. அடியில் கிடக்கும் கழிவை உறிஞ்சி எடுத்தாகிவிட்டது என்பார்கள். நல்லதுதான். ஆனால் மீன் அமோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே விடுகிறது. அதை எந்தக் குழாயால் உறிஞ்சுவீர்கள்? தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அமோனியாவின் விஷ வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும்.

தீனிக் கணக்கையும் பாருங்கள். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராமில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி அமோனியாவாக வெளியேறினாலே, 20 லிட்டரில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் வளராத புதுத் தொட்டி என்றால் அது அப்படியே தேங்கும். இருக்க வேண்டிய அளவு பூஜ்யம்.

அப்புறம் அந்தச் சண்டை. மீன்கள் வாசனையாலும் பேசிக்கொள்கின்றன. பலசாலியான ஆண் ஜிலேபி மீன் சிறுநீரைச் சேர்த்து வைத்து, எதிரி வரும்போது பீய்ச்சும். அந்த வாசனையிலேயே எதிரிக்கு ஆளின் பலம் தெரியும். சிறுநீர் வெளியேறாமல் ஆய்வாளர்கள் தடுத்தபோது சண்டை முற்றியது. ஸ்டிக்கில்பேக் மீன்கள் தங்களைப் போலவே சாப்பிட்ட மீன்களை வாசனையால் அறிந்து சேர்கின்றன, தின்பதும் அடையாளமாகிவிடுகிறது. 11 மீன்களின் வாசனையும் ஒரே குட்டையில் கலந்து கிடந்தால் யார் யாரென்று எப்படித் தெரியும்? தோற்றது ஒதுங்க இடமும் இல்லை. அந்த வால் கந்தலானதற்கு மீனின் குணத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மீனைக் குறையுங்கள், அல்லது பெரிய தொட்டி வாங்குங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்; புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். அப்படிச் செய்தபின் அடங்கியிருந்த சண்டை மறுபடி கிளம்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவவே கூடாது. எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசினால் போதும்.

என்னிடம் வரும்போது ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் கொண்டுவாருங்கள். தயவுசெய்து மீன் உயிரோடு இருக்கும்போதே வாருங்கள்.