கொட்டான் அழகாக வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சென்ற வாரம் காரைக்குடியில் கலைவழிச் சிகிச்சை தரும் என் அறைக்கு வந்த ஒரு பெண், மேசைமேல் ஒரு கொட்டானை, அதாவது சிறு ஓலைக்கூடையை, எடுத்து வைத்தார். சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய பனங்குருத்தோலையில், ஓர் ஓலைகூடப் பிசகாமல் விளிம்பு வரை இறுக்கமாக முடைந்திருந்தது. "ஆத்தா முன்னெ மாதிரியே முடைய ஆரம்பிச்சுட்டாக, அதான் மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார். மனச்சோர்வுக்கான அந்த மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாகியிருந்தது. அவருடைய தாயாரான ஆச்சி இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து முகப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிட்டாலும் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். இந்த ஆண்டில் இப்படி நடப்பது இது நான்காவது முறை என்பதால்தான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொட்டான் முடையச் சொன்னது நான்தான். கலைவழிச் சிகிச்சை என்றதும் தாளும் வண்ணப் பென்சிலும் நினைவுக்கு வந்து, "எனக்குப் படம் போட வராது" என்று பின்வாங்குகிறவர்களே அதிகம். அரைநூற்றாண்டாக நடுவீட்டுக் கோலம் போட்டவரும் இதையே சொல்வார். திறமை இங்கே தேவையில்லை. களிமண்ணைப் பிசையலாம், துணியைக் கிழித்து ஒட்டலாம், ஓலையை நனைத்து மடக்கலாம். வாய்திறந்து சொல்ல முடியாதபோது கைக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும். 'கலைச் சிகிச்சை' என்ற பெயரை 1942இல் வழங்கிய அட்ரியன் ஹில்லே காசநோய்க்காகப் படுத்துக்கிடந்த காலத்தில் இதை உணர்ந்த ஓவியர்தான்.

எனக்கு எரிச்சலூட்டுவது, செய்து முடித்த பொருளை ஜாதகக் கட்டம்போல எடுத்துக்கொண்டு பலன் கேட்பது. கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு தாய், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் வரைந்த வீட்டை அலைபேசியில் படம்பிடித்துக்கொண்டு பதறி வந்தார். வீட்டின் எல்லாக் கதவுகளும் கறுப்பு. கறுப்பு என்றால் மனச்சோர்வு என்று எங்கேயோ படித்திருக்கிறார். அந்தச் சிறுமியிடம் கேட்டேன். "எங்க ஐயா வீட்டுக் கதவு கறுப்பாத்தானே இருக்கும்?" என்றாள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் போட்டுத் துடைத்த பர்மா தேக்கு வேறு என்ன நிறத்தில் இருக்கும்? ஆனால் இன்னொரு கதவை வரைந்துகொண்டிருந்தபோது, பள்ளி வேனில் ஒருவன் தினமும் அவளைக் கேலி செய்வதைத் தலைநிமிராமலே சொன்னாள். அந்தப் படத்தில் வேனும் இல்லை, அந்தப் பையனும் இல்லை. படத்தை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், நான் கதவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லும் சோதனை ஒன்று 1948இலிருந்தே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை மட்டும் வைத்து நாங்கள் நோயை முடிவு செய்வதில்லை. அதன் நம்பகத்தன்மை குறித்து எங்கள் துறைக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

கறுப்புக் கதவைக் கண்டு நோய் என்று பதறியதும், அழகான கொட்டானைக் கண்டு குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியதும் ஒரே பிழைதான். நான் கவனிப்பது வேறு: எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, எந்த இடத்தில் கை நின்றது, எதைச் சொல்லிவிட்டு எதை அவிழ்த்துத் திரும்பப் பின்னினார் என்பவை. ஆண்டுக்கணக்கில் பழகிய கை, மனம் துவண்டிருக்கும்போதும் பிசகில்லாமல் முடையக்கூடும்.

இது மருந்துக்கு மாற்றும் இல்லை. மனச்சிதைவு நோயுள்ள 417 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குழுக் கலைச் சிகிச்சையைச் சேர்த்தபோது கூடுதல் பலன் தென்படவில்லை. கலையை நம்பித் தொழில் செய்கிற எனக்கும் இது கசப்புதான். துக்கத்திலும் பதற்றத்திலும் பலருக்குக் கைகொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எல்லா நோய்க்கும் இதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டவே சில வாரங்களாகும். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நானோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ இல்லை. வரைந்ததைக் கேட்காமல் எடுத்துப் பார்க்காதீர்கள், திருத்தாதீர்கள், தயவுசெய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "இது என்ன?" என்று துருவுவதைவிட "இதைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சாவைப் பற்றி வரைந்தாலோ பேசினாலோ, உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கொட்டானோடு வந்த ஆச்சியின் மகளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அன்று மாலையே மனநல மருத்துவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஆச்சி இன்னும் ஓலையைத் தொடவில்லை. தொடச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.