ஒதுங்கினானா, ஒதுக்கினார்களா?

ஒருவரோடு பேசாமல், எதிலும் சேர்க்காமல் ஆளே இல்லாததுபோல நடத்துவதை ஆங்கிலத்தில் ‘ஒஸ்ட்ரசிசம்’ என்பார்கள். கிரேக்க மொழியில் ‘ஒஸ்ட்ரகோன்’ என்றால் உடைந்த சட்டி ஓடு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், யார் ஊரைவிட்டுப் போகவேண்டுமோ அவர் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடு தேறினால் ஒருவர் 10 ஆண்டுகள் வெளியே. குற்றம், விசாரணை எதுவும் வேண்டாம். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்த தெமிஸ்டோக்கிளிஸையும் பின்னாளில் இப்படி அனுப்பினார்கள். அப்புறம் துரோகிப் பட்டமும் கட்டினார்கள். கடைசியில் அவர் அடைக்கலம் தேடிப்போனது அதே பாரசீகத்தின் அரசனிடம்.

இந்த ‘ஒஸ்ட்ரசிசத்துக்கு’த் தமிழில் ‘புறக்கணிப்பு’ என்று எழுதுகிறோம். திருகோணமலையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பணிப்புறக்கணிப்புத்தான் நினைவுக்கு வரும். அது தொழிலாளர் தாமாக எடுக்கும் முடிவு. ‘விலக்கு’ என்றாலோ வரிவிலக்கு. எனக்குச் சரியாகப் படுவது ‘ஒதுக்கிவைப்பு’.

அடங்கு–அடக்கு போலத்தான் ஒதுங்கு–ஒதுக்கு. முன்னது தானாகச் செய்வது, பின்னது பிறர் செய்வது. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் பழி யார்மேல் என்பதே மாறிவிடுகிறது. டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒருவன் மட்டும் வள்ளத்தில் சாய்ந்து நிற்பான். தன் பக்கம் உருண்டுவரும் பந்தை எடுத்து எறிவான், பிறகும் அங்கேயே நிற்பான். கேட்டால், “அவன் அப்பிடித்தான், ஒதுங்கித்தான் இருப்பான்” என்றார்கள். அவனைக் கேட்டேன். “என்னைச் சேர்க்கமாட்டினம்.”

உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸுக்கு ஒரு பூங்காவில் இதே அனுபவம். முன்பின் தெரியாத இருவர் பறக்கும் தட்டை அவருக்கும் எறிந்து விளையாடிவிட்டு, திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன விஷயமே அவரைக் குத்தியது. அதை ஆய்வாக்கி, கணினியில் பந்து எறியும் விளையாட்டொன்றை அமைத்தார். எதிரில் ஆடுவது வெறும் கணினி என்று தெரிந்திருந்தவர்களுக்கும் பந்து வராதபோது வலித்தது. சேர்ந்திருத்தல், சுயமதிப்பு, தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு, தன் இருப்புக்கு அர்த்தம் உண்டு என்ற எண்ணம் ஆகிய நான்கும் அடிவாங்குகின்றன என்றார் அவர்.

தீவிரவாதத்துக்கு ஆள்சேர்ப்பது பற்றிய பேச்சிலும் இந்தச் சொல் வரும். ஒதுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதேயில்லை. ஆனால் ஆள்சேர்க்கும் கூட்டத்துக்கு இந்தக் காயம் நன்றாகத் தெரியும். கொள்கையெல்லாம் பிறகுதான், முதலில் “வா, நீ எங்கட ஆள்” என்று பந்தை அவன் பக்கம் எறிவார்கள்.

வினையாக எழுதும்போது ‘ஒதுக்கிவைத்தார்கள்’ என்றே எழுதுங்கள். ‘ஒதுக்கப்பட்டான்’ என்றால் செய்தவர்கள் மறுபடி மறைந்துவிடுகிறார்கள்.