யூனிடேரியன் சபை: பெயரின் வேரும் இன்றைய பொருளும்

அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘யூனிடேரியன்’ என்ற சொல்லைத் தமிழாக்கினால் ‘ஏகத்துவர்’ என்று வரும். வேர்ச்சொல்லின்படி அதில் பிழை இல்லை. ஆனால் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1881 முதல் இயங்கிவரும் ‘ஃபர்ஸ்ட் யூனிடேரியன் சொசைட்டி’ என்ற சபையை அந்தச் சொல்லால் குறித்தால், படிப்பவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். அங்கே ஞாயிறுதோறும் கூடுகிறவர்களில் கடவுள் இல்லை என்பவர்கள் உண்டு. இருக்கிறாரா என்பது தெரியாது என்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே தம் வாழ்க்கைக்குத் தேவைப்படவில்லை என்பவர்களும் உண்டு. பெயர் அப்படியே நிற்க, பொருள் நானூறு ஆண்டுகளில் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. அது எப்படி நகர்ந்தது என்று பார்த்தால்தான் ‘யூனிடேரியன் ஹியூமனிஸ்ட் காங்கிரிகேஷன்’ என்ற தொடருக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்று சொல்ல முடியும்.

லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘ஊனிதாஸ்’ ஒருமை. அதிலிருந்து பிறந்தது ‘ஊனிதாரியுஸ்’. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள் என்பது கிறித்தவத்தின் பெருவழக்கு. தமிழ்க் கிறித்தவர்கள் இதைத் திரித்துவம் என்றும் திரியேகம் என்றும் சொல்வார்கள். இதற்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை, கடவுள் ஒருவரே, இயேசு நமக்கு வழிகாட்டிய மனிதர் என்று 16ஆம் நூற்றாண்டில் சிலர் வாதிட்டார்கள். அப்படி வாதிடுவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த காலம் அது. ஸ்பெயினைச் சேர்ந்த மருத்துவர் மிகேல் செர்வெத்துஸ் 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இந்தக் கருத்துக்கு முதலில் இடம் கொடுத்த நாடு, இன்றைய ருமேனியாவுக்குள் இருக்கும் திரான்சில்வேனியா. 1568-இல் தோர்தா என்ற ஊரில் கூடிய நாட்டவை ஓர் ஆணை பிறப்பித்தது. போதகர் தம் புரிதலின்படி போதிக்கலாம். மக்களுக்குப் பிடித்தால் அவரை வைத்துக்கொள்ளலாம். பிடிக்காத போதனையை யார் மேலும் திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தவர் அரசவைப் போதகர் பெரென்ஸ் டேவிட். அரசர் இறந்து ஆட்சி மாறியதும் டேவிட்டைப் புதுமை புகுத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடைத்தார்கள். 1579-இல் தேவா கோட்டைச் சிறையில் அவர் உயிர் போயிற்று. அவரைப் பின்பற்றியவர்களுக்கு ‘யூனிடேரியன்’ என்ற பெயர் அரசாணையில் ஏறியது அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, 1600 வாக்கில்தான்.

இங்கிலாந்தில் தியோஃபிலஸ் லிண்ட்சே என்ற ஆங்கிலிக்கன் குரு தம் பதவியைத் துறந்து, 1774-இல் லண்டன் எசெக்ஸ் தெருவில் முதல் யூனிடேரியன் வழிபாட்டுக் கூடத்தைத் தொடங்கினார். ஆக்சிஜன் வாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியும் அவர் அணியில் இருந்தார். ஆனாலும் திரித்துவத்தை மறுப்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. அந்தச் சட்டம் விலக்கப்பட்டது 1813-இல்.

அதே 1813-ஐ வேறொரு காரணத்துக்காக நாமும் நினைவில் வைக்க வேண்டும். சென்னை புரசைவாக்கத்தில் ஒரு சிறிய யூனிடேரியன் கோயில் எழுந்த ஆண்டு அது. எழுப்பியவர் வெள்ளைக்காரர் அல்லர். வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட தமிழர். வேலைக்காரராக இங்கிலாந்து போனவர், அங்கே லிண்ட்சேயும் பிரீஸ்ட்லியும் எழுதியவற்றைப் படித்து, ஊர் திரும்பித் தமிழ் மக்களிடையே தமிழிலேயே சபை நடத்தினார். பெரிய மிஷனரி சங்கம் எதுவும் அவரை அனுப்பவில்லை. வங்காளத்தில் ராம்மோகன் ராய் 1821-இல் கல்கத்தா யூனிடேரியன் குழுவில் சேர்ந்ததைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு முன்பே சென்னையில் தனியாளாய் இதைச் செய்த ராபர்ட்ஸை நம்மில் மிகச் சிலருக்கே தெரியும் என்பது எனக்கு ஆற்றாமை தருகிறது. அவருடைய சபைக்கு ‘ஏகத்துவ’ என்ற அடைமொழி பொருந்தும். அவர்கள் உண்மையிலேயே ஒரே கடவுளைத் தொழுதவர்கள்.

பொருள் நகர்ந்தது அமெரிக்காவில். 1819-இல் வில்லியம் எல்லரி சானிங் பால்டிமோரில் நிகழ்த்திய பிரசங்கம் அங்குள்ள யூனிடேரியன்களுக்குக் கொள்கை விளக்கமாக அமைந்தது. 1825-இல் அமெரிக்க யூனிடேரியன் சங்கம் உருவானது. விவிலியத்தையும் அறிவைக் கொண்டே படிக்க வேண்டும் என்பது சானிங்கின் நிலை. அந்தக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த தலைமுறை அதே அறிவைக் கொண்டு விவிலியத்துக்கு அப்பாலும் போகும். போயிற்று. சீர்திருத்தச் சபையில் மதமறுப்புக் குற்றம் சாட்டப்பட்டு 1911-இல் வெளியேறிய ஜான் டீட்ரிக், யூனிடேரியன் போதகராகி 1916-இல் மினியாபொலிஸ் வந்தார். கடவுளைப் பற்றிப் பேசாமலே மனித வாழ்க்கையின் பொறுப்பையும் அழகையும் பற்றி ஞாயிறுதோறும் பேசினார். வழக்கமான இடத்தில் கூட்டம் கொள்ளாமல், உரைகளை நாடக அரங்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1933-இல் வெளியான மானுடவாத அறிக்கையில் (ஹியூமனிஸ்ட் மேனிஃபெஸ்டோ) 34 பேர் கையெழுத்திட்டார்கள். தத்துவ அறிஞர் ஜான் டூயியும் டீட்ரிக்கும் அவர்களில் அடக்கம். யூனிடேரியன் போதகர்கள் பலரும் இருந்தார்கள். எல்லா மனிதரும் இறுதியில் மீட்கப்படுவார்கள் என்று நம்பிய யூனிவர்சலிஸ்ட் சபையோடு 1961-இல் இவர்கள் இணைந்தார்கள். அதனால் அமெரிக்காவில் இன்று முழுப்பெயர் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட். பேச்சு வழக்கில் ‘யூயூ’.

அடுத்து ‘ஹியூமனிஸ்ட்’. இதற்கு ‘மனிதநேயர்’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மழை வெள்ளத்தில் முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றியவரை நம் செய்தித்தாள்கள் மனிதநேயர் என்கின்றன. அது ஒரு குணம். இங்கே சொல்லப்படுவது ஒரு நிலைப்பாடு: நன்மை தீமையை மனித அறிவாலும் அனுபவத்தாலும் தீர்மானிப்போம், மேலிருந்து வரும் கட்டளையை எதிர்பார்க்க மாட்டோம் என்பது. ஆகவே மானுடவாதம், மானுடவாதி. ‘பகுத்தறிவாளர்’ என்று சொல்லலாமே என்று தமிழ்நாட்டில் கேட்பார்கள். கருத்தளவில் நெருக்கம்தான். கடவுளைச் சாட்சிக்கு அழைக்காமல் திருமணம் நடத்தலாம் என்பதைச் சுயமரியாதை இயக்கம் செய்து காட்டியது. 1967-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் அதற்கு ஏற்பு தந்தது. யூனிடேரியன் மானுடவாதிகளும் திருமணம், பெயர்சூட்டல், நினைவேந்தல் எல்லாவற்றையும் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆனால் நம் பகுத்தறிவாளர் மேடைக்கு இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டு. வாரம் தவறாத சபை வாழ்க்கை.

வாரம் ஞாயிறு காலையில் தொடங்குகிறது. பியானோ இசை முடிந்ததும் ஒருவர் முன்னால் வந்து கிண்ணம் போன்ற விளக்கை ஏற்றுகிறார். ‘சாலிஸ்’ எனப்படும் இந்தச் சுடர்க்கிண்ணம் பழங்காலச் சின்னம் அல்ல. நாஜிகளிடமிருந்து தப்பிய அகதிகளுக்கு உதவிய யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக, அதே அகதிகளில் ஒருவரான ஆஸ்திரிய ஓவியர் ஹான்ஸ் டாய்ச் 1941-இல் வரைந்து கொடுத்தது. பிறகு பாட்டு. பழைய கிறித்தவ மெட்டுகள் பல அப்படியே இருக்க, சொற்களை மாற்றிப் பாடுகிறார்கள். சிறுவர்களை முன்னால் உட்காரவைத்து ஒரு கதை சொல்லி, எல்லோரும் பாடி அவர்களை வகுப்புக்கு அனுப்பிவைப்பார்கள்.

அடுத்து வருவது பல சபைகளில் ‘மகிழ்வும் துயரும்’ என்ற பகுதி. மணல் பரப்பிய தட்டும் மெழுகுவர்த்திகளும் முன்னால் இருக்கும். விருப்பமுள்ளவர் எழுந்து போய் ஒன்றை ஏற்றி, மணலில் ஊன்றி, ஓரிரு வாக்கியம் சொல்லிவிட்டு வந்து உட்காருவார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும். கணவரின் பரிசோதனை முடிவு மோசமாக வந்திருக்கும். குடியை விட்டு ஓராண்டு ஆகியிருக்கும். யாரும் பதில் சொல்வதில்லை, ஆறுதல் உரை ஆற்றுவதில்லை. கடைசியில் ஒருவர், சொல்லாமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காக என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். கூட்டம் கலைந்து காப்பி நேரம் வந்ததும், பரிசோதனை முடிவைச் சொன்ன பெண்மணியைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் எந்த மருத்துவமனை என்று கேட்பார், இன்னொருவர் செவ்வாய்க்கிழமை நான் கார் எடுத்து வருகிறேன் என்பார். அந்த வாரமே அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக யார் யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் போடுவார்கள். பிரார்த்தனை என்ற சொல் இல்லாமலே பிரார்த்தனை செய்ய வேண்டிய வேலை நடக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

உரை அரை மணி நேரத்துக்குள் முடியும். பருவநிலை மாற்றம், மரண பயம், நகரத்தில் வீடற்றவர்கள் என்று எதுவும் பொருளாகலாம். காணிக்கையில் ஒரு பங்கை உள்ளூர்த் தொண்டு அமைப்புக்குக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். வாரநாட்களில் பாடகர் குழுவின் ஒத்திகை, வாசிப்புக் குழு, உணவு வங்கி வேலை, செயற்குழுக் கூட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது சிறுகுழுச் சந்திப்பு. எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி, ஒரு கேள்வியை எடுத்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது விதி. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு வகுப்பு நடத்தி, கடைசியில் தாம் எதை நம்புகிறோம், எதை நம்பவில்லை என்று அவர்களே எழுதியதைச் சபை முன் வாசிக்கச் சொல்கிறார்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் திடப்படுத்தல் நடக்கும் வயதுதான். அங்கே பிள்ளை சபையின் நம்பிக்கையை ஏற்று அறிக்கையிடும். இங்கே பிள்ளை தன் நம்பிக்கையைச் சொல்ல, சபை கேட்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை மலர் விழா. பிராகு நகரத்துப் போதகர் நோர்பெர்ட் சாபெக் 1923-இல் தொடங்கியது. அவர் சபையில் பலர் கத்தோலிக்கத்தை விட்டு வந்தவர்கள். அப்பமும் திராட்சை இரசமும் அவர்களுக்கு ஒட்டவில்லை. ஆளுக்கொரு பூ கொண்டுவந்து பொதுச் சாடியில் வைத்து, போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் செல்லுங்கள் என்றார். நாஜிகள் அவரைக் கைதுசெய்து 1942-இல் கொன்றார்கள். விழா பிழைத்தது. இதை ‘மலர் நற்கருணை’ என்று மொழிபெயர்த்தால் அவர் எதை விட்டு விலகினாரோ அதையே திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். ‘மலர்ப் பகிர்வு’ போதும்.

இனி ‘காங்கிரிகேஷன்’. லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையாகச் சேர்வது என்பதே வேர்ப்பொருள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் மாடுகள் கூடும் பொதுவெளிக்கு மந்தை என்று பெயர். ஊர்க்கூட்டமும் அங்கேதான் நடக்கும். இரண்டு மொழியிலும் ஒரே பாதையில் பொருள் வளர்ந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் மேய்ப்பர்–மந்தை உருவகம் இந்தக் கூட்டத்துக்கு ஒவ்வாது. மேலே ஆயர் யாரும் இல்லை. வரவுசெலவை உறுப்பினர்கள் ஓட்டெடுப்பில் முடிவுசெய்கிறார்கள். புதுப் போதகர் வேண்டுமென்றால் தேடல் குழு ஒருவரை முன்மொழியும். அவர் ஒரு வாரம் வந்து தங்கி, இரண்டு ஞாயிறு உரையாற்றி, எல்லோருடைய கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு சபையே ஓட்டுப் போட்டு அமர்த்துகிறது. 1568-இல் தோர்தாவில் சொன்னதன் தொடர்ச்சி இது.

ஆகவே ‘திருச்சபை’ வேண்டாம், ‘சபை’ சரி. நாடகசபை, சங்கீத சபை, இலங்கையில் நகர சபை, பிரதேச சபை என்று மதம் கடந்து வழங்கும் சொல் அது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை எடுத்து வாரியக் குழுக்களைத் தேர்ந்தெடுத்த அவைக்கும் அதுதான் பெயர். ‘சங்கம்’ என்றும் சொல்லலாம். வள்ளலார் சன்மார்க்கத்தைச் சங்கமாகவே அமைத்தார். ஆனால் இன்றைய காதுக்குச் சங்கம் என்றால் சந்தா, தீர்மானம், தேர்தல் என்று ஒலிக்கிறது. குழந்தைகளின் பாட்டும் நோயாளி வீட்டுச் சாப்பாடும் அதில் தெரிவதில்லை. ‘சர்வீஸ்’ என்பதற்கு ‘ஆராதனை’ பொருந்தாது. மினியாபொலிஸிலேயே ‘அசெம்பிளி’ என்கிறார்கள், நாம் ‘ஞாயிறு கூடுகை’ எனலாம். ‘மினிஸ்டர்’ என்பதற்குப் ‘போதகர்’.

‘யூனிடேரியன்’ என்பதை மட்டும் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிடுவது நல்லது. ‘ஏகத்துவம்’ தமிழ் முஸ்லிம்களிடம் ஏக இறைக்கொள்கையைக் குறித்து உயிரோடு வழங்கும் சொல் என்பதாலும் இங்கே அதை இழுத்துக் குழப்ப வேண்டியதில்லை. எனவே முழுத்தொடர்: யூனிடேரியன் மானுடவாதச் சபை. அதன் உறுப்பினர்களைக் குறிக்க ‘விசுவாசிகள்’ என்று எழுதாதீர்கள். சேர விரும்புகிறவரிடம் எந்த விசுவாச அறிக்கையும் கேட்பதில்லை. உறுப்பினர் ஏட்டில் கையெழுத்துப் போட்டால் சேர்ந்தாயிற்று. நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் ‘சபையார்’ என்ற சொல் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தும்.