பூங்காவுக்குள் போக யாரைக் கேட்க வேண்டும்?

போன பள்ளி விடுமுறையில் அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போயிருந்தேன். டி. ஆர். சீனிவாசகம் பூங்கா ஓரமாகக் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. "ஜாகா யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாய்யா. உள்ள விடுவாங்களோ என்னமோ" என்றார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்து முகப்பில் தடுப்புக் கம்பி இருக்கும், பக்கத்திலேயே ஜாகா என்ற காவலாளி இருப்பார், வெளியாள் வந்தால் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்தப் பழக்கம் அவருக்கு.

அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. எந்தத் திடல் கம்பெனியுடையது, எந்தத் திடல் பொதுமக்களுடையது என்று எங்கள் ஊரில் பலருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. "எந்தத் தாமான்ல இருக்கீங்க?" என்று நாம் கேட்டால் அது குடியிருப்பு. மலாயில் அதே சொல்தான் பூங்காவுக்கும். ஆகவே அரசாங்கக் கடிதத்தில் 'தாமான்' என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. 'தாமான் அவாம்' என்றால் பொதுப் பூங்கா. வரைபடத்தில் 'தானா லாப்பாங்' என்றிருந்தால் அது திறந்தவெளி. நாம் தேட வேண்டியது இந்த இரண்டாவது சொல்லைத்தான். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் திறந்தவெளிக்குத் தரும் விளக்கத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், உலாவும் பாதை எல்லாமே அடங்கும்.

இனி உரிமைக்கு வருவோம். அதே 1976-இல் வந்த உள்ளூராட்சிச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களின் கட்டுப்பாட்டையும் பராமரிப்பையும் ஊராட்சி மன்றத்திடம் கொடுக்கிறது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம், ஈப்போவில் ஈப்போ மாநகர் மன்றம், தலைநகரில் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம். மன்றம் பராமரிக்கும் இடம்தான், பயன்படுத்த வேண்டியவர்கள் நாம். பூங்காவில் நடக்க, உட்கார, பிள்ளைகளை ஊஞ்சலில் விட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அம்மாவுக்கான பதில் இவ்வளவுதான்.

தோட்டத்துத் திடலின் கதை வேறு. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியும் தீபாவளிப் பந்தாட்டமும் திருவிழாவுக்கு வந்த கூத்தும் ஐம்பது வருடமாக அங்கே நடந்திருக்கலாம். இருந்தாலும் பட்டாவில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். நிர்வாகம் விட்டதால் விளையாடினோம். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போகும்போது, "எங்க அப்பா காலத்துத் திடல்" என்ற பேச்சு நில அலுவலகத்தில் எடுபடாது. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வரை பந்து உருண்ட இடத்தில், திங்கட்கிழமை தகர வேலி நின்றது. பையன்கள் வேலிக்கு வெளியே செம்மண் பாதையில் விளையாடினார்கள். புகார் கொடுக்கலாம் என்றால் யாரிடம் கொடுப்பது? அது பொது இடமே இல்லை.

தோட்டத்திலேயே குடியிருந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் வேறொரு வழி உண்டு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் முதலாளி செய்து தர வேண்டிய சமூக வசதிகளைப் பற்றியும் பேசுகிறது. குடியிருப்பில் பிள்ளைகள் விளையாட இடமே இல்லை என்றால் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. நகராண்மைக் கழகத்துக்குப் போனால் கையை விரித்துவிடுவார்கள். அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை.

சரி, ஒரு திடல் உண்மையிலேயே பொது இடம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரசாங்க நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு, 1965 தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் இருக்கிறது. ஒதுக்கினால் அரசிதழில் வெளியிட வேண்டும். எந்த நிலம், எதற்காக, எந்த அதிகாரியின் கட்டுப்பாட்டில் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் ஆட்கள் 'கெஜட் ஆயிடுச்சா?' என்று கேட்பது இதைத்தான். மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். லாட் எண் தெரியாவிட்டால் முதலில் மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் உள்ளூர்த் திட்ட வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். புல் வளர்ந்து பச்சையாக இருக்கும் எல்லா இடமும் திறந்தவெளி ஆகிவிடாது. பள்ளிக்கூடத்துக்கோ கடைவீதிக்கோ ஒதுக்கி வைத்த நிலமும் பத்து வருடம் சும்மா கிடந்தால் திடல் போலத்தான் தெரியும்.

புது வீடமைப்புப் பகுதிகளில் மொத்த நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. 1,000 பேருக்கு 2 ஹெக்டேர் என்பது நாடளாவிய இலக்கு. தோட்டத்து ஆளுக்கு ஏக்கரில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பதால் மாற்றிச் சொல்கிறேன். நகர, கிராமத் திட்டமிடல் இலாகாவின் அடுக்கில் ஆகச் சிறியது விளையாட்டு மனை, 0.2 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கர். அடுத்தது ஒன்றரை ஏக்கர் விளையாட்டுத் திடல். அக்கம்பக்கப் பூங்கா 5 ஏக்கர், வட்டாரப் பூங்கா 20 ஏக்கர், நகரப் பூங்கா 100 ஏக்கர். பிராந்தியப் பூங்கா என்றால் 250 ஏக்கர் வேண்டும். நம்மைப் போன்ற சிறுபட்டணங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது அந்த அரை ஏக்கர் மனைதான். அதையும் பெரிய சாக்கடை ஓரத்திலோ உயர் மின்கம்பிக்குக் கீழேயோ, வீடு கட்டி விற்க முடியாத மூலையிலோ கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை ஓடு எந்த நிறம் என்று பார்ப்பதோடு, மனைப் படத்தில் பச்சைக் கட்டம் எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விற்க வருபவர் அதை அவராகவே எடுத்துக் காட்டமாட்டார்.

ஊரில் இருப்பது அரை ஏக்கர் என்பதால்தான் நாம் நகரத்துப் பூங்காக்களுக்குப் போகிறோம். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் நிற்பது இதற்கு வசதி. வடக்கே போனால் தைப்பிங், தெற்கே ஈப்போ, அப்படியே போனால் கோலாலம்பூர். தைப்பிங் ஏரிப் பூங்கா ஈய லம்பமாக (சுரங்கமாக) இருந்து கைவிடப்பட்ட நிலத்தில் 1880-இல் தொடங்கியது. தண்ணீரைத் தொடுகிற மாதிரி கிளை சாய்ந்த அந்த மழைமரங்களைப் பார்க்கவே போகலாம். குடையை மறக்காதீர்கள், தைப்பிங் மழை கேட்டுக்கொண்டு வராது. ஏரிப் பூங்காவில் நடக்கக் காசில்லை. பக்கத்திலிருக்கும் மிருகக்காட்சிசாலைக்குத்தான் டிக்கெட்.

ஈப்போ பூங்காவின் முந்தைய பெயர் கொரோனேஷன் பார்க். பிறகு, 1969-இல் காலமான ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர் டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா நிம்மதியாக நடந்தார். "அப்ப நம்ம ஆளு பேருதான்" என்றார். பெயர் யாருடையதாக இருந்தாலும் உரிமை அதேதான் என்று நான் விளக்கப் போனேன். அவர் காதில் வாங்கவில்லை.

கோலாலம்பூரில் பெர்டானா தாவரவியல் பூங்கா 1888-இல் உருவானது. நம் பெரியவர்கள் லேக் கார்டன் என்பார்கள். 91.6 ஹெக்டேர், 226 ஏக்கர். ஒரு டிவிஷன் தோட்டம் அளவுக்கு இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தின் பக்கமிருந்து நடந்தே போய்விடலாம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே நம் ஆட்கள் ஏமாறுவது பறவைப் பூங்காவிலும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும்தான். அதே பச்சைக்குள் இருப்பதால் அவையும் இலவசம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வாசலில் விலைப்பட்டியலைப் பார்த்து விழிப்பார்கள். இரட்டைக் கோபுரத்தடியில் உள்ள 50 ஏக்கர் கேஎல்சிசி பூங்காவும், 66 ஏக்கர் தாமான் துகுவும் இலவசம். தாமான் துகு காட்டுப் பாதை. அங்கே செருப்போடு போகாமல் சப்பாத்து போட்டுப் போங்கள், அட்டைப்பூச்சி இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பட்டணத்திலேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

உள்ளே போன பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஊராட்சியும் நிலமும் மாநில அதிகாரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மன்றமும் தன் துணைச் சட்டங்களை வைத்திருக்கிறது. நாய் கொண்டு வரலாமா, சைக்கிள் விடலாமா, தூண்டில் போடலாமா, கரி அடுப்பு மூட்டலாமா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதற்கெல்லாம் வாசல் பலகைதான் பதில். ஈப்போவில் விட்டதைத் தைப்பிங்கில் விடுவார்கள் என்று நினைக்கக்கூடாது.

தீபகற்ப மலேசியா முழுக்கப் பொருந்துவது இரண்டு. ஒன்று சிகரெட். பொதுப் பூங்காக்களில் 2017 பிப்ரவரி முதலே தடை. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, வேப் என்ற மின்சிகரெட்டும் அதில் அடக்கம். பிடிபட்டு நீதிமன்றம் போனால் அபராதம் 5,000 வெள்ளி வரை. "திறந்த வெளிதானே, காத்து அடிக்குதே" என்ற சமாதானம் செல்லாது. இரண்டாவது குப்பை. 2026 ஜனவரி 1 முதல், குப்பை போட்டவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் விதிப்பதோடு, பொது இடத்தைக் கூட்டிப் பெருக்கும் சமூகச் சேவையும் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆறு மாதத்துக்குள் மொத்தம் 12 மணி நேரம் வரை. நாசி லெமாக் பொட்டலத்து இலையும் குப்பைதான், மக்கிப் போகும் என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள்.

கூட்டமாகப் போவது தனி விஷயம். குடும்பமாகப் பாய் விரித்து மீகோரேங் சாப்பிட எந்தக் கடிதமும் தேவையில்லை. கூடாரம், ஒலிபெருக்கி, மேடை, பொங்கல் வைக்க அடுப்பு என்று வந்தால் மன்றத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாடகையும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். சங்கங்களில் அடிக்கடி தடுமாறும் இடம் போலீஸ் அறிவிப்பு. 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி கூட்டத்துக்கு 5 நாள் முன்னால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் சமய நிகழ்ச்சி, திருமண விருந்து, திறந்த இல்ல உபசரிப்பு, குடும்ப ஒன்றுகூடல், சங்கப் பொதுக்கூட்டம் போன்றவற்றுக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை என்று அதே சட்டத்தின் மூன்றாவது அட்டவணை விலக்கு தருகிறது. விலக்கு போலீஸ் அறிவிப்புக்கு மட்டும். மன்றத்தின் அனுமதி அப்படியேதான் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கூடாரத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் சங்கத் தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மரத்தைப் பற்றி ஒரு வரி. தரைக்கு மேல் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, அது செத்த மரமாகவோ ஆபத்தாகவோ இல்லாவிட்டால், திட்டமிடல் சட்டப்படி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இலை உதிர்ந்து கூட்ட முடியவில்லை என்று வீட்டுக்கு எதிரே உள்ள திடல் மரத்தில் கத்தி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது, விளக்கு எரியவில்லை, புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. இதெல்லாம் மன்றத்தின் பொறுப்பு. வேறொரு மாவட்டத்தில் என் அண்ணன் வசிக்கும் தாமானில் சறுக்குமரம் ஓட்டையாகி எட்டு மாதம் கிடந்தது. எல்லாரும் வாட்சாப் குழுவில் படம் போட்டார்கள், யாரும் மன்றத்துக்குப் புகார் அனுப்பவில்லை. கடைசியில் அண்ணி ஒருநாள் இணையத்தில் எழுதிப் புகார் எண் வாங்கினார். அந்த எண்ணைக் காட்டித்தான் பிறகு தொலைபேசியில் கேட்க முடிந்தது. எட்டு மாதம் காத்த வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. எண் இல்லாத புகார் காற்றில் போன பேச்சு. எண் இருந்தும் நகரவில்லை என்றால் உங்கள் வட்டாரக் கவுன்சிலரைப் பிடியுங்கள். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதால் அவரை நியமிப்பது மாநில அரசு. நம் ஓட்டு அவருக்குத் தேவையில்லை. அதனால் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுவது நல்லது. மன்றக் கூட்டங்கள், மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலன்றி, பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று உள்ளூராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் ஊரில் அப்படிப் போய் உட்கார்ந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடைசியாக, திடலே போய்விடும் என்ற நிலை வந்தால். அரசிதழில் ஒதுக்கிய நிலத்தை ஒரே இரவில் எடுத்துவிட முடியாது. தேசிய நிலச் சட்டப்படி முன்னறிவிப்பும் விசாரணையும் வேண்டும், ஆட்சேபம் சொல்ல அங்கே இடமிருக்கிறது. அதற்கும் முன்னால் வரும் வாய்ப்பு உள்ளூர்த் திட்ட வரைவு. அதை மன்றம் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். பத்திரிகையில் அந்த அறிவிப்பு சின்னதாகத்தான் வரும். வரைபடத்தில் உங்கள் திடலின் லாட் எண்ணைத் தேடி, அதன் நிறம் பச்சையிலிருந்து வேறெதற்காவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் படிவத்தைத் தனித்தனியாக நிரப்புங்கள். லாட் எண், உங்கள் முகவரி, திடலை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். விசாரணைக்கு நேரில் வர விருப்பம் என்பதையும் எழுதிவிட்டு, மன்றத்தின் முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.