கெடு தாண்டிய கிரிமினல் வழக்கு: தாமதத்தை கோர்ட் எப்போது மன்னிக்கும்?

தண்டனை வந்த அதிர்ச்சியில் ஒரு மாதம் ஓடிவிடும். அப்புறம் வக்கீலைத் தேடிப் போனால், "அப்பீல் நாள் முடிந்துவிட்டதே" என்பார். அதோடு எல்லாம் போயிற்று என்று திரும்பிவிடும் குடும்பங்கள் நிறைய. அப்படித் திரும்ப வேண்டியதில்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் 60 நாள்; மரண தண்டனை என்றால் 30 நாள்தான். கீழ்க் கோர்ட்டின் உத்தரவு சரியா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவுக்கு 90 நாள். இந்தக் கெடு தாண்டினாலும், போதுமான காரணம் காட்டினால் மேல்முறையீட்டையோ சீராய்வையோ ஏற்கலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. இத்தனை நாள் வரைதான் மன்னிக்கலாம் என்ற உச்சவரம்பு அந்தப் பிரிவில் இல்லை.

தாமதம் உண்மையிலேயே எத்தனை நாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும். நகலுக்கு மனு போட்ட நாள், அதற்கான முத்திரைத்தாளைக் கோர்ட் கேட்ட நாள், அதை நீங்கள் கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நகல் பெறுவதற்கு ஆன நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கடைசி நாளன்று கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்தால் போதும். இப்படிக் கழித்தாலே சில வழக்குகளில் தாமதம் காணாமல் போய்விடும்.

அப்படியும் மிஞ்சினால், மேல்முறையீட்டோடு தாமத மன்னிப்பு மனுவும் பிரமாணப் பத்திரமும் சேர்த்துத் தர வேண்டும். இந்தப் பத்திரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "உடல்நலக் குறைவால் தாமதமாகிவிட்டது" என்ற ஒற்றை வரி எடுபடாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஆஸ்பத்திரியில் இருந்தார், டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே, வீடு திரும்பிய பிறகு ஏன் இன்னும் 20 நாள் ஆயிற்று என்று எழுத வேண்டும். பணம் புரட்ட முடியவில்லை என்பதுதான் நிஜம் என்றால் அதையே எழுதுங்கள். பொய்யான மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உள்ள வழக்கையும் கெடுத்துவிடும். காரணத்தைத் தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே, ஒரு நில எடுப்பு வழக்கில், சொல்லியிருக்கிறது.

செக் திரும்பிய வழக்கில் கணக்கு வேறு. செக் திரும்பியதாக மார்ச் 4-ல் வங்கி தகவல் தந்தால், ஏப்ரல் 3-க்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். செக் கொடுத்தவர் அந்த நோட்டீஸை ஏப்ரல் 5-ல் வாங்கினால், பணம் தர 15 நாள், அதாவது ஏப்ரல் 20 வரை. தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு. இந்தக் கடைசி ஒரு மாதம் தாண்டினால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். 2002-ல் வந்த திருத்தம் அந்த வழியைத் திறந்தது. ஆனால் நோட்டீஸுக்கான 30 நாள் போனால் போனதுதான், அதை மன்னிக்கச் சட்டத்தில் இடமில்லை. நோட்டீஸை நாளைக்குப் பார்க்கலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற சிறு குற்றங்களில் புகார் தரவும் கெடு உண்டு. அபராதம் மட்டும் என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் 1 ஆண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ஆண்டு. புகார் கொடுத்த நாளைத்தான் பார்க்க வேண்டும், மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்த நாளை அல்ல என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு அதையே எழுத்தில் வைத்திருக்கிறது. கெடு தாண்டிய புகாரையும் ஏற்க 519-ஆம் பிரிவு இடம் தருகிறது.

சிறையில் இருப்பவர் வெளியில் ஆள் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் கோர்ட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்து இதைக் கேட்கலாம்.