ஈரி கால்வாய்: படகு ஏறியது தண்ணீரால், கடன் தீர்ந்தது சுங்கத்தால்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரில் ஈரி ஏரியின் நீர்மட்டம், ஆல்பனி நகரில் ஓடும் ஹட்சன் ஆற்றைவிட ஏறத்தாழ 570 அடி உயரம். இடையே 363 மைல் காடும் சதுப்பும். இந்தத் தூரத்தை 83 நீர்ப்பூட்டுகளால் படிக்கட்டாக்கியதுதான் ஈரி கால்வாய். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி, ஆழமோ வெறும் 4 அடி. நம் வாய்க்கால்களிலேயே இதைவிட ஆழமானவை உண்டு.

பூட்டு என்பது இருபுறமும் கதவு வைத்த 90 அடி நீளம், 15 அடி அகலக் கல்தொட்டி. மேற்கே ஏறும் படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி, மேல்மதகைத் திறப்பார்கள். தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு எழும்பும். மேல் கால்வாயோடு மட்டம் சமமானதும் மேல்கதவைத் திறந்தால் வேலை முடிந்தது. கதவின் இரண்டு இலைகளும் நேர்கோட்டில் சேராமல், மேல்நீரை நோக்கிக் கூரை முகடுபோல் சாய்ந்து சேரும். தண்ணீர் அழுத்த அழுத்த இறுகிக்கொள்ளும். அவசரக்காரர்களுக்கு அது இடம் கொடுக்காது: மட்டத்தில் ஒரு அடி வித்தியாசம் இருந்தாலே கதவின்மேல் ஒன்றரை டன்னுக்கு மேல் விசை. மதகைச் சட்டென்று முழுதாகத் திறந்தாலும் ஆபத்துதான், படகு சுவரில் மோதும்.

8 அடி ஏற்றமுள்ள பூட்டு ஒருமுறை காலியானால் சுமார் 3 லட்சம் லிட்டர் கீழே போய்விடும். ஆகவே மேல்மட்டத்துக்கு ஓடைகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் ஊட்டுவாய்க்கால் வெட்டினார்கள். கசிவைத் தடுக்கக் கரைக்குக் களிமண்ணை மிதித்துப் பூசினார்கள். மஸ்க்ராட் என்னும் நீரெலி அந்தக் கரையில் வளை தோண்டும். விரலளவு ஓட்டையில் தொடங்கும் கசிவு, மண்ணை அரித்துக் கரையையே உடைத்துவிடும். மழைவெள்ளம் கரைமேல் வழியாமலிருக்கக் கலிங்குகளும் வேண்டியிருந்தன. படகு மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது என்ற விதியும் கரைக்காகத்தான்: வேகமான படகின் அலை மண்ணைக் கரைத்துவிடும்.

கல்தொட்டிக்கு இன்னொரு சிக்கல். சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும். தண்ணீருக்கடியில் சேறாகவே கிடக்கும். கால்வாயின் பொறியாளர் கன்வாஸ் ஒயிட், இங்கிலாந்துக் கால்வாய்களை நடந்தே பார்த்து, தண்ணீருக்கடியில் இறுகும் காரையைப் பற்றி அறிந்து திரும்பியவர். 1818-ல் சிட்டனாங்கோ என்ற ஊருக்கு அருகே களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் கிடைத்தது. காளவாயில் சுட்டால் இந்தக் கல் மற்ற சுண்ணாம்புபோல் நீரில் நீறாது, அரைத்துப் பொடியாக்க வேண்டும். மணலோடு குழைத்தால் அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட் தண்ணீரோடே வினைபுரிந்து கல்லாகும். இது கிடைக்காமல் போயிருந்தால் வெளிநாட்டு சிமெண்ட்தான் கதி.

பணம் எங்கிருந்து? அமெரிக்க வங்கி மத்திய அரசுக்குக் கட்டிய தொகையைச் சாலை, கால்வாய்களுக்கு ஒதுக்கும் மசோதாவை, ஜனாதிபதி மேடிசன் பதவியின் கடைசி முழுநாளான 1817 மார்ச் 3 அன்று வீட்டோ செய்தார்: அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம். அடுத்த மாதமே நியூயார்க் சட்டமன்றம் தனியாக இறங்கியது. மாநிலத்தின் பெயரில் கடன் பத்திரம். வட்டிக்கு ஈடாக உப்புக்கு, புஷல் என்ற அளவைக்கு 12½ சென்ட் வரி, ஏல விற்பனை வரி.

ஜூலை 4 அன்று ரோம் என்ற ஊரில் வெட்டத் தொடங்கினார்கள். இருமுனையை விட்டு நடுவில் ஏன்? அங்கே 60 மைலுக்கும் மேல் ஒரு பூட்டும் தேவையில்லாத சமதளம், மண்ணும் மென்மை. 1819-லேயே ஒரு பகுதியில் படகு ஓடியது. எதிர்க்கட்சிக்காரர்களால் அதன்பின் திட்டத்தைக் கைவிடச் சொல்ல முடியவில்லை. பொறியியலைவிட இதுதான் கெட்டிக்கார முடிவு.

ஆனால் திட்டத்தின் தலைவர் டிவிட் கிளிண்டனை அவர்கள் விடவில்லை. 1824 ஏப்ரலில், சம்பளமே இல்லாத கால்வாய் ஆணையர் பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள். மக்கள் கொதித்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் கிளிண்டன் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1825 அக்டோபரில் கால்வாய் முழுதும் திறந்தது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். பஃபலோ–நியூயார்க் சரக்குக் கட்டணம் டன்னுக்கு 100 டாலரிலிருந்து 10 டாலருக்குக் கீழே சரிந்தது. சுங்க வருமானம் குவிந்தது, கூடவே பூட்டுகளின் முன்னே படகு வரிசையும். 1836-ல் கால்வாயை 70 அடி அகலம், 7 அடி ஆழமாக்கும் வேலை தொடங்கிவிட்டது.