போஸ்டர் ஒட்டி மின்சாரம் மிச்சமாவதில்லை

வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் மின்சாரமும் தண்ணீரும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது என் வேலை. எனர்ஜி ஆடிட் என்பார்கள். அக்கறையே இல்லாதவர்களை இந்த வேலையில் நான் அதிகம் பார்ப்பதில்லை. அக்கறை நிறைய இருந்தும் அதைச் சின்ன விஷயங்களிலேயே கரைத்துவிடுகிறவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அறையை விட்டு வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போய் ஒரு எல்இடி பல்பை அணைத்துவிட்டு வருவார், அந்த நேரத்தில் குளியலறையில் கீசர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் தேவை. அதே 0.6 யூனிட்டில் 9 வாட் பல்பு 65 மணி நேரத்துக்கு மேல் எரியும். பல்பை அணைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக அணையுங்கள். ஆனால் வீட்டில் எதெல்லாம் சூடாக்குகிறதோ, எதெல்லாம் குளிர வைக்கிறதோ, மின்சாரத்தின் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. கீசர், ஏசி, ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, துணி உலர்த்தும் டிரையர். முதலில் கை வைக்க வேண்டியது இவற்றில்தான்.

அடுத்தது, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: தினமும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய எதையும் நான் பெரிதாக நம்புவதில்லை. 'வெளியே போகும்போது சுவிட்சை அணைக்கவும்' என்று அலுவலகத்தில் போஸ்டர் ஒட்டுவார்கள். கொஞ்ச நாள் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், அப்புறம் அந்தப் போஸ்டர் சுவரோடு சுவராகிவிடும். அதற்குப் பதில் கணினிகள் எல்லாம் பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் உறக்க நிலைக்குப் போகும்படி ஐடி ஆட்கள் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. பிரிண்டரைத் தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கும்படி மாற்றி வைப்பதும், ஏசிக்கு டைமர் வைப்பதும் இதே வகைதான். (ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பழைய பெட்டி மாதிரி கனமான சிஆர்டி திரைகளில் படம் அப்படியே பதிந்துபோகாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. திரை அணைந்தால்தான் மிச்சம்.) வீட்டிலும் அப்படித்தான், 2000 வாட் கீசர் 15 லிட்டரைச் சூடாக்க 20 நிமிடம் போதும், ஒரு டைமர் போட்டுவிட்டால் 'அணைத்தோமா இல்லையா' என்ற கேள்வியே இல்லை.

ஏசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கும் சேதம் மின் கட்டணத்தில் முழுசாகத் தெரியாது. 'ஒவ்வொரு வருஷமும் கேஸ் நிரப்புகிறோம், சர்வீஸ் எல்லாம் சரியாகச் செய்கிறோம்' என்று பெருமையாகச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. ஏசியில் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது அது. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது, போன வருஷம் நிரப்பியது காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம். நிறைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு புவியைச் சூடாக்குவதற்குச் சமம். வேறு சில ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 என்றால் மிகமிகக் குறைவு. ஓசோனைக் காக்க 1987-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2016-இல் கிகாலி திருத்தம் சேர்க்கப்பட்டதே புவியைச் சூடாக்கும் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான். அதனால் மெக்கானிக் வந்தால் கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய வாயுவைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிப்பாரா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளையும் வாடிக்கையாளர் கேட்டு நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் எல்லோரும் குழாய்ச் சொட்டைத்தான் கவனிக்கிறார்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்குச் சுமார் 20 லிட்டர், அதுவும் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் கசிந்தால் சத்தமும் வராது, தரையும் நனையாது. தொட்டித் தண்ணீரில் உணவில் சேர்க்கும் கலரை நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். கலர் கீழே கோப்பைக்கு வந்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. மாற்றச் சின்னச் செலவுதான்.

துணிப்பை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக் கணக்கில் பருத்திப் பை மேலாக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்தியாக வேண்டும். குப்பையாகக் கடலில் சேரும் பாதிப்பு இந்தக் கணக்கில் இல்லை, அந்த வகையில் துணிப்பை நல்லதுதான். ஆனால் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு புதுத் துணிப்பை கொடுப்பதில் ஒரு பலனும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருப்பது கிழியும் வரை அதையே எடுத்துப் போங்கள். போனும் அப்படித்தான், அது உண்டாக்கும் மாசின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. பேட்டரி மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்ட முடியுமானால் அதைச் செய்யுங்கள். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? இன்றைக்குப் படுக்கப் போகும்போது மின்மீட்டரில் என்ன எண் என்று குறித்துக்கொள்ளுங்கள், காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். இரவு ஏசி போடாத ஒரு நாளாக இருந்தால் நல்லது. வீட்டு ஃபிரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தால் 8 மணி நேரத்தில் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும், ஃபேன் எத்தனை ஓடியது என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் யாருக்கும் பயன்படாமல் போன மின்சாரம். 10 வாட் இழுக்கும் ஒரு செட்-டாப் பாக்ஸை வருஷம் முழுக்க அப்படியே விட்டால் சுமார் 88 யூனிட். அலுவலகத்தில் இதையே வெள்ளி சாயங்காலமும் திங்கள் காலையும் பாருங்கள், அந்த இரண்டு எண்களோடு நிர்வாகத்திடம் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.